ஜூனில் நமுத்த பிஸ்கட்

கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் பிக்கப் வண்டியின் மேலும் என் மனைவி ஓப்பலின் மேலும், அந்த வரிசையிலேயே, சத்தியம் செய்கிறேன். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எழுதுவதால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். விஷயம் நேரானது.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு சாட்சிதான். கோபத்தில் இருப்பவன் பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்ல நிதானம் வேண்டும்.

கோபம் எல்வுட் ஸ்டாம் மேல். பக்கத்து டிரெய்லர் வீட்டுக்காரன். வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரையிலிருந்து எங்கள் அரிசோனாவுக்கு வந்தவன். அந்தக் கடற்கரையில் மழை நிற்பதே கிடையாது. அங்கே குழந்தை பிறந்தால் முதுகில் தட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பிழிவார்கள். குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து, ஏப்ரலில் வாத்து மாதிரி வடக்கே திரும்பிப் போகிற கூட்டத்தில் ஒருத்தனாகத்தான் அவனும் அவன் மனைவி லூயெல்லாவும் பல வருடம் இருந்தார்கள். லூயெல்லா இறந்த பிறகு அவன் திரும்பிப் போகவில்லை. "கோடையையும் இங்கேயே பார்த்துடலாம்னு இருக்கேன்" என்றான். கோடை என்னவோ நாடகம் மாதிரியும், இவன் டிக்கெட் வாங்கியிருக்கிற மாதிரியும்.

சக்கரம் வைத்த தகர வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் டிரெய்லர் குடியிருப்பு யூமாவுக்குக் கிழக்கே இருக்கிறது. வெயில் நூற்றுப் பதினைந்து டிகிரி அடிக்கும், ஆனால் வறண்ட சூடு. இதை நாங்கள் எல்லோரும், மயங்கி விழும்போதுகூட, சொல்லிக்கொண்டே விழுவோம். துணி துவைத்துக் கொடியில் போட்டால் கடைசித் துணியை மாட்டுவதற்குள் முதல் துணி காய்ந்து, வெளுத்து, கிழிந்தே போயிருக்கும். துக்க வீட்டில் கைக்குட்டை தர மாட்டோம். கண்ணீர் கன்னத்துக்கு வருவதற்குள் உப்பாகிவிடும். தட்டிவிட ஒரு சின்னத் துடைப்பம் தருவோம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் ஈரத்தை அளக்க எங்களிடம் ஒரே ஒரு கருவிதான் உண்டு. உப்பு பிஸ்கட். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தட்டில் நாலைந்து பிஸ்கட் திறந்தபடி கிடக்கும். அக்டோபரில் வைத்த பிஸ்கட் மே மாதத்திலும் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஜூலையில் ஒருநாள், வானத்தில் மேகம்கூட இருக்காது, யாரோ ஒருவர் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "நமுத்துப் போச்சு" என்பார். அன்றைக்குத்தான் எங்களுக்குப் பருவமழை ஆரம்பம். வானிலைக்காரர்கள் பலூன் விட்டுக் கண்டுபிடிப்பதை நாங்கள் பல்லால் கண்டுபிடித்துவிடுவோம்.

இனி பெர்னீஸைப் பற்றி. பெர்னீஸ் என் தேள். இந்தப் பாலைவனத்து மஞ்சள் மயிர்த்தேள், என் உள்ளங்கை நீளம். வருடங்களுக்கு முன் என் பூட்ஸுக்குள் கிடைத்தாள். நான் கால் விடவில்லை, அவளும் கொட்டவில்லை, அந்த மரியாதையிலிருந்து எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. பின்பக்க அறை ஜன்னல் ஓரமாக ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் எலும்பு மாதிரி காய்ந்த மணல், ஒரு தட்டைக் கல், மூடியின் மேல் ஒரு உப்பு பிஸ்கட். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தின்கிற வெட்டுக்கிளியில் இருக்கிற ஈரம் போதும் என்பது என் கொள்கை.

அவளுக்காக நான் வீட்டில் கூலர் போடவில்லை. எங்கள் ஊர்க் கூலர் கூரைமேல் உட்கார்ந்து, ஈரமான நார் வழியாகக் காற்றை இழுத்து வீட்டுக்குள் ஊதும். குளிர்ச்சி ஒரு பங்கு, ஈரம் மூன்று பங்கு. தேளுக்கு ஈரக் காற்று எமன். ஓட்டில் பூஞ்சை பிடிக்கும், காலிடுக்கில் உண்ணி ஏறும். ஓப்பலுக்கு இது புரியவில்லை.

"ஒரு தேளுக்காக என்னை வேகவைக்கிற, லைமன்."

"வறண்ட சூடுதானே, ஓப்பல்."

"அடுப்புக்குள்ளயும் வறண்ட சூடுதான். அதுலதான் ரொட்டி வேகுது. சரி, கேக்குறேன். நான் வேணுமா, அது வேணுமா?"

நான் யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாதாம். மலைமேல் ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒவ்வொரு கோடையும் போகிறவள்தான், ஆனால் இந்த முறை காப்பிக் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த வருடம் நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் இருந்தது. பெர்னீஸ் பிள்ளைத்தாய்ச்சி. மார்ச்சிலிருந்தே வயிறு உப்பிக்கொண்டு வந்தது. ஓட்டுத் தட்டுகளுக்கு நடுவே வெள்ளைத் தோல் பிதுங்கி, சின்னச் சட்டை போட்ட பெரிய மனிதர் மாதிரி இருந்தாள். தேள் முட்டை போடாது, குட்டி போடும். போட்டு, எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். இந்த இனத்தைத் தொட்டியில் வைத்துக் குட்டி போடவைத்தவர் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்கூடக் கிடையாது. நான் தாத்தா ஆகிற வாய்ப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, இனிமேலும் வரப்போவதில்லை. எனக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

ஜூன் நடுவில் ஒரு காலை, தொட்டியின் மூடிமேல் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். சத்தம் வரவில்லை.

மறுபடி கடித்தேன். அது வளைந்தது.

ஜூன் மாதம் எங்களுக்கு இருப்பதிலேயே வறண்ட மாதம். ஜூனில் பல்லிகூட நாக்கை நீட்டாது, உள்ளே திரும்பாது என்ற பயத்தில். அந்த மாதத்தில், என் வீட்டில், என் பிள்ளைத்தாய்ச்சியின் தலைக்கு மேல், பிஸ்கட் நமுத்திருக்கிறது. வாசல் தட்டுப் பிஸ்கட்டைக் கடித்தேன். முறுக்கென்றது. ஆக, ஈரம் ஊரில் இல்லை, பின்பக்கத்து அறையில் மட்டும் இருக்கிறது. ஜன்னலில் கை வைத்தேன். கொசுவலை வழியாக ஜில்லென்று ஒரு காற்று வந்து என் முகத்தை நக்கியது. எதிரே, ஐந்தடி தள்ளி, எல்வுட்டின் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அவன் கூரைமேல் புத்தம் புதுக் கூலர்.

போய்க் கதவைத் தட்டினேன்.

"எல்வுட், வெளியே வா."

"நீ உள்ள வா. ஜில்லுன்னு இருக்கு."

"அந்த ஜில்லைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன். ஜன்னலை மூடு."

"மூடக் கூடாதாம். கூலர் போட்டா காத்து வெளிய போக வழி விடணும்னு கூலர் பெட்டியில போட்டிருக்கு."

"வெளியன்னா எங்க?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா?"

"நீ இருக்க."

"நான் இல்ல. பெர்னீஸ் இருக்கா."

"அப்ப நல்லதுதானே. அதுக்கும் ஜில்லுன்னு இருக்குமில்ல."

"அவ பிள்ளைத்தாய்ச்சிய்யா" என்றேன்.

எல்வுட் யோசித்தான். அவன் யோசிப்பது தண்ணீர் வடிவதுபோல் மெதுவாக நடக்கும். "இத்தனை வருஷமா தனியாத்தானே இருக்கு?"

"அது அவ சொந்த விஷயம்."

"இல்ல, கேட்டேன். வயிறு உப்பினா தண்ணியாக்கூட இருக்கலாம். இல்ல, நீ அளவில்லாம வெட்டுக்கிளி போடுறியோ என்னவோ."

"நான் அறுபது வருஷமா இந்தப் பாலைவனத்துல இருக்கேன். நீ மழையில முளைச்ச ஆளு. எனக்குத் தேளைப் பத்திச் சொல்லாத."

"சரி. பாதி மூடுறேன்" என்றான்.

பாதி மூடினால் காற்று இரண்டு மடங்கு வேகத்தில் வரும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வாரமே என் வீடு சதுப்பு நிலமாகிவிட்டது. சமையலறை ஜாடியில் இருந்த காய்ந்த பீன்ஸ் முளைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. சுவரில் ஓப்பல் மாட்டியிருந்த உலர்ந்த பூவளையம் மொட்டு விட்டது. என் மாமனார் படத்தில் மீசை வளர ஆரம்பித்து, இரண்டு முறை கத்தரிக்க வேண்டியதாயிற்று. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி குடித்த ஈரத்தில் ஊதிப்போய் டிரெய்லரின் மேல் சாய்ந்தது. டிரெய்லர் நகர்ந்தது. நிறைய இல்லை, ஆனால் அதுவரை சமையலறையில் தெரிந்த மலை அதன்பிறகு குளியலறையில் தெரிந்தது. மேசை டிராயர் உப்பி மாட்டிக்கொண்டது. உள்ளே என் பல்செட். ஆகவே எல்வுட்டை நான் அந்த வாரம் முழுக்கத் திட்டியதெல்லாம் பல் இல்லாமல் திட்டியது. பாதி வசவு அவனுக்குப் புரியவில்லை. அது தனிக் கோபம்.

கடைசியில் ஒரு மத்தியானம் அவன் கூரையில் ஏறி, கூலருக்குத் தண்ணீர் போகிற குழாயைத் திருகி மூடினேன். தகரக் கூரை. ஏறும்போது என் பூட்ஸுக்கு அடிப்பாகம் இருந்தது. இறங்கும்போது அது கூரையிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே இரண்டு கால் தடம் இருக்கிறது, நம்பாதவர்கள் ஏணி கொண்டுவரலாம்.

தண்ணீர் இல்லாத கூலர் வெறும் புழுதியை ஊதும். எல்வுட் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். வசவுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், பல் இல்லாமலே புரிகிற சொற்களாகப் பார்த்து. அவன் வரவில்லை. மறுநாள் காலை தபால் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, பின்பக்க அறைக்குள் நுழைகிறேன், உள்ளே நிற்கிறான். எங்கள் குடியிருப்பில் யாரும் கதவு பூட்டுவதில்லை. கையில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். தொட்டி மூடி திறந்திருக்கிறது. கண்ணாடி முழுக்க வேர்த்திருக்கிறது. மணல் கறுத்து நனைந்திருக்கிறது. பெர்னீஸ் கல்லின் உச்சியில், எட்டுக் கால்களையும் நீட்டி, நுனிக்காலில் நிற்கிறாள், வெள்ளத்தில் கூரை ஏறினவள் மாதிரி.

"என்னய்யா பண்ற?"

"தாகமா இருந்துச்சு, லைமன்."

"யாரு சொன்னா?"

"என்னைப் பார்த்துச்சு."

"அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"அப்ப நான் அதைப் பார்த்தேன்னு வச்சுக்க." பாட்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டான், ஏற்கெனவே பார்த்தாகிவிட்ட பிறகு. "தினமும் கொஞ்சம்தான் தெளிச்சேன்."

"தினமுமா?"

"நீ தபால் பார்க்கப் போறப்ப."

நான் பாட்டிலைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. இரண்டு கிழவர்கள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இழுபறி செய்ததில் மீதித் தண்ணீர் முழுக்க என் சட்டையில் கொட்டியது. கொட்டிய பிறகு அவன் கையை விட்டுவிட்டுச் சொன்னான்: "லூயெல்லா தண்ணி கேட்டா. ஆபரேஷனுக்கு முன்னாடி தரக் கூடாதுன்னாங்க. நானும் சரின்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நியாயமான சண்டையின் பாதியில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது அக்கிரமம். எனக்கு இருந்த கோபம் இரட்டித்தது. "வெளிய போ" என்றேன். போனான். நனைந்த மணலை அள்ளி வெயிலில் கொட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், பெர்னீஸின் விலாவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

பூஞ்சை. அது பரவினால் அவளும் இல்லை, வயிற்றில் இருப்பவர்களும் இல்லை.

புது மணல் போட்டேன். தொட்டியைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக உப்பு பிஸ்கட்டை அடுக்கினேன், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று. கடையில் அந்தப் பெண் "விருந்தா?" என்று கேட்டாள். "யுத்தம்" என்றேன். ஆனால் ஜூலை வந்துவிட்டது. தெற்கே புழுதி மலைபோல் எழுந்து வந்தது, பின்னாலேயே மழை. குடியிருப்பில் எல்லா வாசல் தட்டிலும் பிஸ்கட் ஒரே நாளில் துவண்டு, தட்டின் ஓரத்தில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. என் கோட்டையில் அடுக்கியிருந்ததெல்லாம் களியாகிவிட்டது. கறுப்புப் புள்ளி பட்டாணி அளவு ஆனது.

ஓப்பலுக்கு ஃபோன் பண்ணினேன்.

"ஈரமில்லாத இடம் எங்கயாவது இருக்கா, ஓப்பல்?"

"உன் மனசு இருக்கே" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே நானே ஒரு ஈரமில்லாத இடத்தை உண்டாக்குவது என்று முடிவு செய்தேன். பிக்கப் வண்டியில் ஹீட்டர் இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, மேற்கே இருக்கிற வற்றிப்போன ஏரிப் படுகை வரை ஓட்டினால் வண்டிக்குள் ஒரு பொட்டு ஈரம் மிஞ்சாது. தொட்டியை இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருக்கும்போது எல்வுட் வந்து மறு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"இறங்கு."

"என்னாலதானே இப்படி ஆச்சு. நானும் வரேன்."

"ஹீட்டர் போடப் போறேன். ஜூலையில."

"தெரியும்."

சரி, தண்டனையாக இருக்கட்டும் என்று வண்டியை எடுத்தேன். வெளியே நூற்றுப் பத்து. உள்ளே எவ்வளவு என்று சொல்ல முடியாது, வெப்பமானி உருகிவிட்டது. ரேடியோவில் பாடகனின் தொண்டை வறண்டு பாட்டு நின்றது. என் சட்டை மொறமொறவென்று உடைந்து பொத்தான்கள் மட்டும் இடத்தில் இருந்தன. எல்வுட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கடற்கரை ஈரமெல்லாம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. நான் வைப்பரை உள்பக்கமாக வைத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். ஏறும்போது பெருத்த ஆளாக இருந்தவன், படுகைக்குப் போய்ச் சேர்ந்தபோது தலையணை உறைக்குள் மடித்து வைக்கிற அளவில் இருந்தான். பேசினால் காகிதம் கசங்கும் சத்தம்.

டாஷ்போர்டில் வைத்திருந்த பிஸ்கட்டை உடைத்தேன். துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம். "கேட்டியா?" என்றேன் வெற்றியோடு.

அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "லைமன், இது அசையல."

பெர்னீஸ் மணல் மேல் பக்கவாட்டில் கிடந்தாள். கால்கள் உள்ளே மடங்கியிருந்தன. வயிறு ஒட்டிப்போய், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. வாலில் குச்சியால் தொட்டேன். முனை மட்டும் லேசாக அசைந்தது.

"காஞ்சு போச்சுய்யா" என்றான் எல்வுட்.

"காயட்டும்னுதானே வந்தோம்."

"பூஞ்சை காயணும். அது காயக் கூடாது." பிறகு, சண்டைக்குத் தெம்பில்லாத அந்தக் காகிதக் குரலில் கேட்டான்: "பாலைவனத்துல தேளு பகல்ல எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும். வளையில."

"வளை எங்க இருக்கும்?"

"கீழ."

"கீழ என்ன இருக்கு?"

"மண்ணு இருக்கு."

"எப்படிப்பட்ட மண்ணு?"

அறுபது வருடம் இந்தப் பாலைவனத்தின் மேல் நடந்திருக்கிறேன், ஓட்டியிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். தோண்டியதில்லை. தோண்டுவதற்கு எனக்கு என்ன வேலை?

எல்வுட் வண்டியின் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தான். படுகை ஓரத்தில், புதர்களுக்குப் பக்கத்தில், வெட்ட ஆரம்பித்தான். மேல் மண் மாவாகப் பறந்தது. முழங்கை ஆழம் போனதும் பறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும் கையை விட்டு ஒரு பிடி எடுத்து என் முன்னால் நீட்டினான். நான் வாங்கினேன். ஜில்லென்றிருந்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. அழுத்தினால் தண்ணீர் வரவில்லை, ஆனால் கையில் ஈரம் ஒட்டியது.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் எல்வுட் மேல் வந்த கோபமே இல்லை. பாலைவனத்தின் மேல். என்னை வருடக்கணக்கில் வறட்டு ஆளாக்கி, வறண்ட சூடு வறண்ட சூடு என்று எல்லோரிடமும் பெருமை பேசவைத்து, என் மனைவியை மலைக்கு அனுப்பவைத்து, அடியில் மட்டும் எனக்குத் தெரியாமல் ஈரத்தை ஒளித்து வைத்திருக்கிறது. நான் பூட்ஸ் காலால் தரையை உதைத்தேன். என் பூட்ஸுக்கு அடிப்பாகம் கிடையாது என்பதை மறந்துவிட்டேன். தரை கொதித்தது. ஒரு காலில் குதித்துக்கொண்டே அந்தப் பாலைவனத்தைத் திட்டினேன். எல்வுட் அவ்வளவு நேரமும் மரியாதையாக மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

"அதை உள்ள விடலாமா?"

சாய்வாக ஒரு குழி போட்டோம், உள்ளே போகப் போகக் குறுகுகிற மாதிரி. நிழலுக்குப் பிக்கப்பை அருகில் நிறுத்தினோம். பெர்னீஸைத் தட்டைக் கல்லில் ஏந்திக் குழியின் வாயில் வைத்தேன். அசையாமல் கிடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்வுட் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். வேண்டுதலாக இருக்கலாம், நாக்கு ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

முதலில் முன்கை இடுக்கி ஒன்று நீண்டது. பிறகு கால்கள் ஒவ்வொன்றாக. நின்றாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. குழிக்குள் நேராக இறங்கி, ஈர மண்ணில் வாயை வைத்து அழுத்தி அப்படியே இருந்தாள்.

"குடிக்குது" என்றான் எல்வுட்.

"தெரியுது."

"தாகம்னு அன்னிக்கே சொன்னேன்."

"நீ மேல தெளிச்ச. மேல தெளிச்சா பூஞ்சை. உனக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஆனா தாகம்னு சொன்னேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் தொட்டியைப் பிடிக்க ஒரு மடி தேவைப்பட்டது.

பெர்னீஸைத் தொட்டியிலும் அந்த அடி மண்ணை வாளியிலும் அள்ளி வந்தோம். தொட்டியின் அடியில் அதைத் திணித்து, மேலே காய்ந்த மணலைக் கனமாகப் போட்டு, மூடிக்குப் பதிலாக வலை. ஒரு மூலையில் குளிர்பான உறிஞ்சுகுழல் ஒன்றை அடிவரை செருகினோம். அதன் வழியாக அவ்வப்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் நேராக அடிக்குப் போகும், மேல் மணல் காய்ந்தே இருக்கும். மேலே வைக்கிற பிஸ்கட் முறுக்கென்று உடைய வேண்டும், அடியில் எடுக்கிற மண் பிடித்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். ஸ்பூன் வேலையை எல்வுட் தனக்கென்று எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் என் வீட்டுக்கு வருகிறான். ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிவிட்டு மூன்று கோப்பை காப்பி குடிக்கிறான். அது என் காப்பி. அவன் இப்போது திறந்து வைப்பது மறுபக்கத்து ஜன்னலை. கூலர் ஓடுகிறது. கறுப்புப் புள்ளி சுருங்கி, ஒருநாள் பொருக்காக உதிர்ந்து விழுந்தது.

பிறகு அது நடந்தது. ஒரு காலை எல்வுட் ஸ்பூனோடு நின்றபடி, "லைமன், மெதுவா வா" என்றான். தொட்டி மணலில் அவள் தோண்டியிருந்த வளையின் வாயில் பெர்னீஸ். முதுகு முழுக்க அரிசி மாதிரி வெள்ளையாகக் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கண் மட்டும் கறுப்புப் புள்ளிகளாக. எல்லோருக்கும் பெர்னீஸின் மூக்கு. ஒரு குட்டிக்கு என் மூக்கும் கொஞ்சம் இருந்தது. எல்வுட் கண்ணைத் துடைத்தான், துடைப்பம் இல்லாமல், வெறும் கையால். ஈரமாகவே துடைத்தான், அந்தக் கடற்கரை முழுசாக அவனைவிட்டுப் போகவில்லை. உடனே சண்டை வந்தது. மூத்ததற்கு லூயெல்லா என்று பெயர் வைக்க வேண்டும் என்றான். அது ஆண்பிள்ளை என்றேன். எப்படித் தெரியும் என்றான். தாத்தாவுக்குத் தெரியும் என்றேன். கடைசியில் லூயெல்லா என்றே வைத்தோம், அவன் காப்பியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்ததால்.

ஓப்பலுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். "கூலர் போட்டாச்சா?" என்றாள். பின்பக்கத்து அறைக் கதவை மூடிக்கொண்டு முன்பக்கத்தில் போடலாம் என்றேன். அடுத்த வாரம் காப்பிக் கெட்டிலோடு வந்து இறங்கினாள். குட்டிகள் எங்கே என்று கேட்டாள். அவை தாயின் முதுகைவிட்டு இறங்குகிற வயசு வந்து, முந்தின நாள்தான் நானும் எல்வுட்டும் படுகைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி போட்டு விட்டுவிட்டு வந்தோம் என்றேன். எல்வுட் தலையாட்டினான்.

செய்தி எப்படியோ பரவி, ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலிருந்து தேள்களைப் பற்றிப் படிக்கிற பெண்மணி ஒருவர் நேரில் வந்தார். பெர்னீஸை ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு, கீழிருந்து பூதக்கண்ணாடி வைத்து, தேள்களுக்கு வயிற்றுக்கு அடியில் இருக்கிற சீப்புப் பற்களை எண்ணிப் பார்த்தார். பெர்னீஸ் ஆண்.